ஜெர்மனியில் முதல் இரண்டு மாதங்கள்: தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

வேலை விசாவுடன் ஜெர்மனிக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் விசாரித்துவிட்டு வருகிறார்கள். அவை இரண்டும் நாளடைவில் பழகிவிடும். முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது வேறொன்று: வரி எண், வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, அரசு அலுவலகங்கள் விதிக்கும் கெடு ஆகியவை இன்றும் பெரும்பாலும் காகிதக் கடிதமாக வீட்டுத் தபால் பெட்டிக்கே வந்து சேருகின்றன. ஆகவே, புதிதாக வருபவர்களுக்கான இந்தச் செய்முறையை முகவரியைச் சுற்றியே அமைத்திருக்கிறேன்.

படி 1: பதிவு செய்ய இடம் தரும் வீடு

முதல் ஓரிரு மாதங்களுக்குப் பெரும்பாலோர் தற்காலிக அறையையோ உள்வாடகை வீட்டையோதான் பிடிக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அன்மெல்டுங் என்பது குடியிருப்புப் பதிவு. அதற்கு இடம் தராத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஏனென்றால் பின்வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தப் பதிவையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

நிரந்தர வீடு பார்க்கும்போது, விளம்பரத்தில் உள்ள வாடகை "கால்ட்மீட்ட"வா "வார்ம்மீட்ட"வா என்று பாருங்கள். முன்னது வெறும் இட வாடகை. பின்னதில் பராமரிப்புச் செலவும், பொதுவாக வெப்பமூட்டும் செலவும் சேர்ந்திருக்கும், ஆனால் மின்கட்டணம் பெரும்பாலும் தனி. முன்பணமாக மூன்று மாதக் கால்ட்மீட்டவுக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

படி 2: பெட்டியில் எந்தப் பெயர்?

இந்தப் படியை வேறு நாட்டவருக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். நமக்கு அப்படி முடியாது. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த முதலெழுத்து விரிந்து, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தந்தையின் முழுப் பெயராகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. முருகனின் மகன் செந்தில், ஜெர்மன் அலுவலகங்களுக்குத் திரு. முருகன் ஆகிவிடுகிறார். தபால்காரர் பெட்டியில் தேடுவதும் முருகனைத்தான்.

நான் வந்த புதிதில் என் பெயரை மட்டும் அழகாக எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். என் தந்தையின் பெயருக்கு வந்த வரி எண் கடிதம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. அந்தக் கடிதம் மறுபடி கைக்கு வரும் வரை இரண்டு மாதச் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டது. பிறகு அந்தத் தொகை திரும்பக் கிடைத்தது என்றாலும், புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய அந்த வேளையில் அது பெரிய தொகை.

எனவே, கடவுச்சீட்டில் உள்ள இரண்டு பெயர்களையும், அதே எழுத்துக்கூட்டலில், தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் இப்போது மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன: எனக்கு என் தந்தையின் பெயர், என் மனைவிக்கு அவருடைய தந்தையின் பெயர், மகளுக்கு என் பெயர். இப்படிப் பெயர்கள் வேறுபடுவதால், திருமணச் சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் முறையான மொழிபெயர்ப்புடன் கையில் வைத்திருப்பது நல்லது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

படி 3: பதிவு

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் உள்ளூர் குடிமக்கள் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெருநகரங்களில் முன்பதிவு நேரம் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் வீடு உறுதியான அன்றே இணையத்தில் தேடத் தொடங்குங்கள். கடவுச்சீட்டுடன், வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்" என்ற குடியேற்ற உறுதிப் படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. அங்கே தரும் பதிவுச் சான்றைப் பல பிரதிகள் எடுத்து வையுங்கள்.

படி 4: தானாக வருபவையும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதும்

பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதை உடனே நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்குக் கொடுங்கள். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணத்தைக் கேட்டு ஒரு கடிதமும் வரும். இதை மோசடிக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போடுபவர்கள் பலர். 2021 ஆகஸ்டில் மாதம் 18.36 யூரோ என நிர்ணயிக்கப்பட்ட இந்தக் கட்டணம், வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியதே. ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்குத்தான். உடன் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டிவந்தால் அவருடைய கட்டண எண்ணைத் தெரிவித்தால் போதும்.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்படாதீர்கள். பொதுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்வார்கள். தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். இளம் வயதில் மலிவாகத் தெரியும் தனியார் காப்பீட்டிலிருந்து பின்னாளில் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கடினம். குடும்பத்தை அழைத்துவரும் எண்ணம் உள்ளவர்களுக்குப் பொதுக் காப்பீட்டையே பரிந்துரைப்பேன்.

படி 5: கடிதத்தைத் திறக்கும் முறை

தினமும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி சேர்ப்பிக்கும் கடிதம் மஞ்சள் உறையில் வரும்; அப்படி வந்தால், கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிடக் கூடாது. அந்த உறையின் மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார்; நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் கடிதம் அன்றே உங்களிடம் சேர்ந்ததாகவே கணக்கு. கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். சிலவற்றுக்கு மறுப்புத் தெரிவிக்க இரண்டே வாரங்கள்தான். மொழி புரியவில்லை என்பதால் கெடு நீளாது. கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பொருளை அறிந்துகொண்ட பிறகு, முக்கியமான கடிதமாக இருந்தால் மொழி தெரிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். 1980-களிலிருந்து இங்கே வாழ்ந்துவரும் ஈழத்தமிழர்கள் இவ்விஷயத்தில் எனக்குப் பெரும் துணையாக இருந்தார்கள். ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போயிருந்தபோது அறிமுகமான ஒரு அக்கா, அன்னதான மண்டபத்தில் உட்கார்ந்தபடியே என் முதல் மஞ்சள் உறைக் கடிதத்தை வரிவரியாகப் படித்து விளக்கினார்.

படி 6: அடுத்த வீடு, அடுத்த அனுமதி

விசா முடிவதற்குப் பல வாரங்கள் முன்பே, வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதங்கள் மட்டுமே செல்லும்.

தற்காலிக அறையிலிருந்து சொந்த வாடகை வீட்டுக்கு மாறும்போது மறுபடியும் இரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட, அஞ்சல் நிறுவனத்தில் கட்டணம் செலுத்தி ஏற்பாடு செய்யலாம். வங்கி, காப்பீடு, வேலை பார்க்கும் நிறுவனம், வெளிநாட்டினர் அலுவலகம் ஆகிய நான்குக்கும் புதிய முகவரியை நீங்களே தெரிவியுங்கள். சாவி கைக்கு வந்த அன்று, பெட்டி படுக்கையை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே, கீழே உள்ள தபால் பெட்டியில் உங்கள் வீட்டார் அனைவரின் பெயர்களையும் ஒட்டிவிடுங்கள்.