சீலிங் மூடுமுன் படம் எடுத்து வையுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடி அறை மத்தியானத்தில் அடுப்பாகக் கொதிக்கும். போன வருடம் நானும் தம்பியும் கூரைக்குக் கீழே வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி நார்ப் பஞ்சான கிளாஸ் வூலை 50 மில்லிமீற்றர் தடிப்பில் விரித்தோம். வெக்கை நன்றாகக் குறைந்தது. ஆனால் சீலிங் அடித்த பிறகு, அது உள்ளே இருப்பதற்கு எங்களிடம் ஒரு சாட்சியும் இல்லை.

வீட்டின் மின்சிக்கனத்தை மதிப்பிட வருபவர் பொதுவாக எதையும் உடைத்துப் பார்க்க மாட்டார். பிரித்தானியாவில் ஆதாரம் இல்லாவிட்டால் வீடு கட்டிய காலத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள். நீங்கள் பட்ட பாடு அதில் வராது.

ஆகவே மூடுமுன் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து, தடிப்பு தெளிவாகத் தெரியப் படம் எடுங்கள். கிட்டப் படம் மட்டும் போதாது. எந்த அறை என்று விளங்க, ஜன்னல் தெரிகிற மாதிரி தள்ளி நின்றும் ஒன்று எடுங்கள். பொதி உறையை எறிய வேண்டாம், வெப்பக் கடத்துதிறன் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். தடிப்பை மீற்றரில் எடுத்து அந்தக் கடத்துதிறன் எண்ணால் வகுத்தால் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு, கிடைக்கும். 50 மில்லிமீற்றர் என்றால் 0.05 மீற்றர்; உறையில் 0.04 என்று இருந்தால், 0.05 ஐ 0.04 ஆல் வகுக்க 1.25. கடை பில்லையும் அன்றைக்கே போனில் எடுங்கள், மை சீக்கிரம் மங்கிவிடும்.

அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் படத்துக்காகக்கூட அதைத் துளைக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெரிய கேடு.

சரி, ஏற்கெனவே மூடிவிட்டீர்களா? நாங்கள் மின்சாரம் பார்ப்பவரைக் கூப்பிட்டு, சீலிங் லைட்டைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் படம் எடுத்தோம்.