பனிமலைக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள்

நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் வாழையிலையில் நிற்கும் ஈரம்தான். ஆனாலும் ஆயில் பெயிண்ட் வாங்கிய முதல் மாதமே இமயமலை வரையும் ஆசை வந்துவிட்டது. டைட்டானியம் வெள்ளை ட்யூப் ஒன்றை முழுவதும் பிதுக்கிச் சிகரத்தில் அப்பினேன். "மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறதே" என்றார் அம்மா.

பனி வெள்ளை என்று மனம் சொல்வதைக் கை அப்படியே நம்பிவிடுவதுதான் மூலத் தவறு. மற்ற பல தவறுகள் அதன் பிள்ளைகள். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் விழும் ஒளியின் நிறமே அதற்கும் நிறம். வெயில் படும் சரிவில் இளமஞ்சள் ஏறும். வெயில் படாத சரிவுக்கு வானம் மட்டுமே விளக்கு. ஆகவே அங்கே நீலம்.

இதைப் பார்க்க மணாலிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். காலைச் சாய்வெயிலில் நாகர்கோவில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்துக்குப் போங்கள். உப்புக் குவியலின் ஒரு பக்கம் மஞ்சள் தோய்ந்த வெண்மை, மறுபக்கம் நீலச்சாம்பல். வெள்ளைத்தாள் ஒன்றை வெயிலில் பிடித்துக்கொண்டு குவியலின் நிழல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அந்த "வெள்ளை" எவ்வளவு இருட்டு என்பது அப்போதுதான் உறைக்கும். அந்த அளவுக்கு நிழலை இருட்டாக்கத் துணிவில்லாமல்தான் நம் பனிமலைகள் தட்டையாகிப் போகின்றன.

நிழலுக்குக் கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் சிமெண்ட் பூச்சுதான் கிடைக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் வெள்ளையும் சேர்த்துப் பாருங்கள். தூய வெள்ளையைக் கடைசிவரை தொடாதீர்கள். அது வெயில் நேரே அடிக்கும் இரண்டு மூன்று விளிம்புகளுக்கு மட்டும்.

மலை முழுவதும் பனி போர்த்துவதும் தவறு. செங்குத்துப் பாறையில் பனி தங்காது. வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியின் ஓரத்தில் வண்ணம் எடுத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தால் அடிப்பாறை அங்கங்கே எட்டிப் பார்க்கும். சரியாக வரவில்லையே என்று மறுபடி மறுபடி தேய்த்தால் ஈரமாக இருக்கும் அடிவண்ணம் கலந்து சேறாகும். தேய்ப்பதைவிடச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இழுப்பது நல்லது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தவறு. ஒருநாள் வண்ணத்தை இளக்கச் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோக, அடுக்களையிலிருந்த தேங்காய் எண்ணெயை வண்ணத்தில் விட்டேன். ஓணம் போனது, கிறிஸ்துமஸ் வந்தது, படம் காயவில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை வாங்கி இறுகுவது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணமே இல்லை. அளவிலும் கவனம் தேவை: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகிப் பிறகு வெடிக்கும். துத்தநாக (ஜிங்க்) வெள்ளையும் நாளடைவில் நொறுங்கும் தன்மை கொண்டது; ட்யூபின் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். இறுகும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கி, தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. பூஞ்சைக்குப் பயந்து படத்தைத் துணியில் பொதிந்து பரணில் போட்டால் வேறு வம்பு: ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வானத்தில் அது தெரியாமல் போகலாம், பனியில் பளிச்சென்று தெரியும். வெள்ளைக்குக் குசும்பா (சாஃப்ளவர்) எண்ணெயில் குழைத்த ட்யூப் கிடைத்தால் மஞ்சளிப்பு குறையும். என் முதல் இமயம் பரணிலிருந்து இறங்கியபோது பழைய வேட்டியின் நிறத்தில் இருந்தது. வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிரே மாட்டிய பிறகு மஞ்சள் ஓரளவு தெளிந்துவிட்டது. சுண்ணாம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.