ஷேரிங் வீட்டிலிருந்து இடையில் கிளம்புவது எப்படி? (இங்கிலாந்து, புது விதிப்படி)

மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீடு. எனக்கு வேலை வேறு ஊருக்கு மாறியதும், "அடுத்த மாதம் கிளம்புகிறேன்" என்று ஏஜென்டுக்கு நாலு வரி மின்னஞ்சல் தட்டிவிட்டேன். இரண்டு நாளில் மற்ற இருவருக்கும் பதில் போனது: மூவருமே காலி செய்ய வேண்டும். அப்புறம் அவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேச ஒரு வாரம் ஆனது.

அது பழைய சட்டக் காலம். 2026 மே 1 முதல் விதிகள் மாறிவிட்டன, ஆனால் நான் விழுந்த குழி அப்படியேதான் இருக்கிறது. கீழே உள்ளது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு. ஓனரோடு ஒரே வீட்டில் தங்கும் லாட்ஜருக்கும் இது பொருந்தாது.

1. ஒப்பந்தத்தை எடுங்கள்
உங்கள் அறைக்குத் தனி ஒப்பந்தமா, எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? தனி என்றால் நேராக மூன்றாம் படிக்குப் போங்கள். "ஆறு மாதம், ஒரு வருடம் இருந்தே ஆகவேண்டும்" என்ற வரி இருந்தால் பயப்படாதீர்கள். மே 1 முதல் அது செல்லாது.

2. முதலில் வீட்டுக்குள் பேசுங்கள்
ஒரே ஒப்பந்தம் என்றால், ஒருவர் கொடுக்கும் நோட்டீஸே எல்லோருடைய குடியிருப்பையும் முடித்துவிடும். 1991லேயே பிரபுக்கள் சபை (அன்றைய உச்ச நீதிமன்றம்) தீர்ப்பளித்த விஷயம் இது. புதுச் சட்டமும் மாற்றவில்லை. மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை என்பதுதான் ஆபத்தே.

சரி, சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அது இன்னும் மோசம். முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஓனர் உங்களையும் துரத்தலாம், இருப்பவர்களையும் பிடிக்கலாம்.

மற்றவர்கள் அங்கேயே இருக்க விரும்பினால் நோட்டீஸ் வேண்டாம். மாற்று ஆளைத் தேடி, ஓனரின் சம்மதத்தோடு பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பொதுவாக 50 பவுண்டுக்கு மேல் கேட்கக்கூடாது; அதிகம் கேட்டால், உண்மையிலேயே அவ்வளவு செலவானதற்கு ரசீது கேளுங்கள். வாட்ஸாப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், முடிவை மட்டும் மின்னஞ்சலில் போடுங்கள். குரூப் அரட்டையில் புதைந்துபோன "ஓகே டா" பின்னால் எதற்கும் உதவாது.

3. நோட்டீஸ்
எழுத்தில், குறைந்தது இரண்டு மாதம். முடியும் தேதி வாடகைக் காலத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் இரண்டு மாதத்தைக் குறைக்கலாம். கூட்டு ஒப்பந்தத்தில் மற்றவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

(பின்னர் சேர்த்தது: இந்தத் தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வங்கியிலிருந்து வாடகை போகும் நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒப்பந்தத்தில் வாடகைக் காலம் 5ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 4இல் முடிகிறது என்று வையுங்கள். ஜூன் 20 அன்று நோட்டீஸ் கொடுத்தால் ஆகஸ்ட் 20 அல்ல, செப்டம்பர் 4தான் முடிவு. ஜூன் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் ஆகஸ்ட் 4இல் முடிந்திருக்கும். கொஞ்சம் அசந்ததற்கு ஒரு மாத வாடகை தண்டம். நாலைந்து நாள் முன்கூட்டியே அனுப்புங்கள்.)

அவசரத்தில் அனுப்பிவிட்டீர்களா? நோட்டீஸ் காலம் முடிவதற்குள் ஓனரும் மற்றவர்களும் ஒத்துக்கொண்டால் திரும்பப் பெறலாம்.

4. டெபாசிட்
ஆள் மாறும்போது டெபாசிட் பெரும்பாலும் மொத்தமாக அப்படியே இருக்கும்; உங்கள் பங்கைப் புதிதாக வருபவர்தான் உங்களிடம் தருவார். அவர் பணம் கொடுக்கும் முன் வீட்டை முழுக்க ஒரே வீடியோவாக எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். தனித்தனிப் புகைப்படங்களை நான் நம்புவதில்லை, சுவரில் இருக்கும் கறை எந்த அறையுடையது என்றே பிறகு தெரியாது. டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தின் பதிவில் உங்கள் பெயர் நீங்கிப் புதியவர் பெயர் ஏறியதா என்றும் பாருங்கள். என் பெயர் அதில் எட்டு மாதம் கிடந்தது.

கவுன்சில் வரி, மின்சாரம், இணையம் மூன்றிலும் பெயரை எடுக்க அன்றே சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் செய்வார் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.