நீங்க ஆடுற கோல்ஃப் கோர்ஸை கேமுக்குள்ள கொண்டு வர்றது எப்படி

நிறைய பேர் கேம்ல கோர்ஸ் கட்டும்போது மொதல்ல மரம், கிளப் ஹவுஸ், பூச்செடின்னு ஆரம்பிச்சிடறாங்க, பாக்க அழகா வரும், ஆனா அந்த கோர்ஸ்ல வாரா வாரம் ஆடுற ஒருத்தர் வந்து மூணாவது கிரீன்ல, அதாவது குழியை சுத்தி ஒட்ட வெட்டின புல்தரைல, ஒரு பட் போட்டாருன்னா, அதாவது பாலை குழியைப் பாத்து உருட்டினாருன்னா, பால் எதிர்ப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான், "இது நம்ம கோர்ஸ் இல்லையே"ன்னு போயிடுவாரு. அதனால நான் சொல்ற வரிசை வேற. மொதல்ல தரை, அப்புறம் எல்லை, அப்புறம் கிரீன், மரமெல்லாம் கடைசி.

எந்த கேம்னு பாத்துக்கங்க. பிஜிஏ டூர் 2கே மாதிரி கேம்ல டிசைனர் உள்ளயே இருக்கு, ஜிஎஸ்ப்ரோ சிமுலேட்டருக்கு கோர்ஸை யூனிட்டிங்கிற கேம் செய்யற மென்பொருள்ல கட்டணும். வழி வேறன்னாலும் தேவை ஒண்ணுதான்: தரையோட உயரமும், எது எங்க முடியுதுங்கிற கோடும்.

உயரத்துக்கு லைடார் டேட்டா தேடுங்க. விமானத்துல இருந்து லேசர் அடிச்சு எடுத்தது, பல நாட்டு அரசு சர்வே துறைகள் இலவசமாவே தராங்க. அது இல்லாம விண்வெளில இருந்து எடுத்த உயர டேட்டாவை வெச்சு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார்ல எடுத்த எஸ்ஆர்டிஎம் டேட்டால ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர், ஒரு சராசரி கிரீனே 500, 600 சதுர மீட்டர்தான், மொத்த கிரீனுக்கும் ஒரே ஒரு உயரம்தான் கிடைக்கும். மலை எங்க இருக்குன்னு காட்ட அது போதும், பட் போட போதாது.

லைடார் ஃபைலை இறக்கினதும் க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் மென்பொருள்ல திறந்து தரைப் புள்ளிகளை மட்டும் பிரிச்சு எடுங்க, லாஸ்ங்கிற லைடார் ஃபைல் வகைல அது வகுப்பு 2. இதை மறந்தா மரத்து உச்சியெல்லாம் குன்றா மாறிடும். தண்ணில லேசர் சரியா திரும்பி வராது, அதனால குளம் இருக்கிற இடத்துல கோணல் கோணலா முக்கோணம் தெரியும், அதை கையால ஒரே மட்டத்துக்கு கொண்டு வாங்க. உயரம் அடியா மீட்டரான்னும் கண்டிப்பா பாருங்க. ஒரு மீட்டர்னா 3.28 அடி, மாத்திப் படிச்சா லேசான மேடு கூட செங்குத்தா நிக்கும்.

இப்ப ஹைட்மேப், அதாவது ஒவ்வொரு புள்ளியோட உயரத்தையும் கருப்பு வெள்ளை அளவா சேமிச்ச படம். நான் மொதல்ல கட்டின கோர்ஸ்ல 8 பிட் படமா எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன், தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல, கிரீன்ல போய் நின்னா படிக்கட்டு மாதிரி இருக்கு, ரெண்டு நாள் ஸ்மூத் பண்ணி பாத்தும் போகல. காரணம் கணக்குலயே இருக்கு. 8 பிட்ல 256 படிதான், கோர்ஸோட ஏற்ற இறக்கம் மொத்தம் 40 மீட்டர்னா ஒரு படி கிட்டத்தட்ட 16 செ.மீ. 16 பிட்ல 65,536 படி, அதே 40 மீட்டருக்கு ஒரு படி ஒரு மில்லிமீட்டர் கூட வராது. அதனால எப்பவும் 16 பிட். அளவு யூனிட்டில 2049 இல்ல 4097 மாதிரி வைக்கணும், 2 கிலோமீட்டர் சதுர இடத்துக்கு 4097 போட்டா அரை மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும், தாராளமா போதும். உங்க கேம்ல ஹைட்மேப்பை நேரா ஏத்த முடியலைன்னா 10 செ.மீ இடைவெளில காண்டூர் கோடு (ஒரே உயரத்துல இருக்கிற இடங்களை சேக்குற கோடு) போட்டு அந்தப் படத்தை பக்கத்துல வெச்சுக்கிட்டு கையால உயரத்தை செட் பண்ணுங்க, மெதுவான வேலைதான், ஆனா நல்லா வரும்.

எல்லைக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய இலவச மேப். அதுல ஃபேர்வே (நடுவுல இருக்கிற புல்பாதை), கிரீன், டீ (மொதல் ஷாட் அடிக்கிற இடம்), பங்க்கர் (மணல் குழி) எல்லாத்துக்கும் தனித்தனி டேக் இருக்கு, ஹோலுக்கு டீல இருந்து கிரீன் வரைக்கும் ஒரு கோடு, அதோட நம்பரும் பாரும் (எத்தனை ஷாட்ல முடிக்கணும்ங்கிற எண்) சேத்து. உங்க கோர்ஸ் அதுல இல்லைன்னா நீங்களே வரையுங்க, அதுக்கு அனுமதி உள்ள வான்படத்தை மட்டும் பாத்து வரையணும், கூகுள் படத்தை பாத்து அதுல வரையக்கூடாது.

கிரீன்தான் உயிர். லைடார்ல உயரத்துலயே 10 செ.மீ வரைக்கும் பிசகு இருக்கலாம், அதனால நேர்ல போய் சரிபாருங்க. கோர்ஸ் மேனேஜர்கிட்ட கேட்டுட்டு, கூட்டம் இல்லாத நேரமா போங்க. ஒரு தட்டையான சின்ன பலகை, மேல ஃபோன், லெவல் ஆப். மூணு அடி எடுத்து வெச்சு ஒரு தடவை வைங்க, எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் சாயுதுன்னு நோட்டுல கிரீன் படம் போட்டு அம்புக்குறியோட எழுதுங்க. ஒரு டிகிரின்னா 1.75 சதவீத சரிவு. கண்ணுக்கு தட்டையா தெரியற இடத்துல ஃபோன் 1.2 காட்டும்போதுதான் அந்த ஓரத்துல பட் ஏன் எப்பவும் தப்புதுன்னு புரியும்!

கிரீன் வேகத்தை ஊகிக்காதீங்க, அங்க பராமரிக்கிறவங்ககிட்ட ஸ்டிம்ப் எண் கேளுங்க. ஸ்டிம்ப்மீட்டர்னா 36 இன்ச் நீள பட்டை, தூக்கும்போது சுமார் 20 டிகிரில பால் தானா உருண்டு வரும், தட்டையான இடத்துல எதிரெதிரா ரெண்டு பக்கமும் உருட்டி சராசரி எத்தனை அடின்னு பாப்பாங்க. 9ன்னு சொன்னா கேம்லயும் 9 வைங்க, டிவில பாக்குற மாதிரி 12 வெச்சா சரிவெல்லாம் கரெக்டா இருந்தும் ஆட்டம் பொய்யா ஆயிடும்.

பங்க்கர் உதட்டை, அதாவது ஓரச் சுவரை, லைடார் மழுங்கடிச்சிடும். மணல்ல ஒரு 7 அயர்னை, அதாவது 7ம் நம்பர் இரும்பு மட்டையை (மட்டையைத்தான் கிளப்னு சொல்றது), நிமிர்த்தி நிறுத்தி ஃபோட்டோ எடுங்க, கிளப்போட நீளம் தெரியும்ல, சுவர் எவ்வளவு உயரம்னு அதுல இருந்து கணக்கு பண்ணிடலாம். மரத்துல டாக்லெக் (ஃபேர்வே வளையற) திருப்பத்துல நிக்கிறதும் டீக்கு முன்னாடி கிளை நீட்டுறதும் மட்டும் சரியான இடத்துல, சரியான உயரத்துல வந்தா போதும், மத்ததை சும்மா நிரப்பிக்கலாம். டீ மார்க்கர் கலர், கிரீனுக்கு 150 யார்டு இருக்குன்னு காட்டுற கம்பம் இதையும் விடாதீங்க, 150 யார்டுன்னா 137 மீட்டர்.

அடுத்து உங்க கிளப்பை கேம்ல ஏத்தறது. கம்பெனி போடுற நம்பரை நம்பி ஏத்தாதீங்க, 7னு எழுதியிருக்கிற ஒரு அயர்னோட லாஃப்ட் (முகத்தோட சாய்வு) 34 டிகிரி, இன்னொண்ணு 28 டிகிரி, ரெண்டுக்கும் ஒரு கிளப் வித்தியாசத்துக்கு மேலயே வரும். லாஃப்டை உறுதி பண்ணிட்டு லாஞ்ச் மானிட்டர்ல (பால் வேகம், தூரம் அளக்குற கருவி) கிளப்புக்கு பத்து ஷாட் அடிங்க, மிஸ் ஆனதை எடுத்துட்டு நடுவுல வர்ற நம்பரை போடுங்க. உருண்டு ஓடினதை சேக்காம கேரி தூரம் (பால் காத்துல பறந்த தூரம்) மட்டும், ஏன்னா உருள்றதை கேம் உங்க தரையை வெச்சு அதுவே கணக்கு பண்ணிக்கும். பால் வேகத்தை கிளப் வேகத்தால வகுத்தா ட்ரைவருக்கு (ரொம்ப தூரம் அடிக்கிற கிளப்) சுமார் 1.5 தான் உச்சம், 1.6 வந்தா எங்கயோ தப்பா அளந்திருக்கீங்க. ட்ரைவர் தலை 460 சிசிக்கு மேல கூடாது, பால் 42.67 மி.மீக்கு குறையக்கூடாது, 45.93 கிராமை தாண்டக்கூடாது, பைல 14 கிளப்தான், விதி அது. சொந்த கிளப்போட ரேங்க் மேட்ச்ல இறங்க விடுதான்னு உங்க கேம் ரூல்ஸ்ல பாத்துக்கங்க.

பேரு, லோகோ விஷயத்துல ஜாக்கிரதை. டூர் 18னு ஒரு கோர்ஸ், புகழ்பெற்ற ஹோல்களை நிஜத்துலயே நகல் எடுத்து கட்டினாங்க, கேஸ் நடந்து 1998ல அமெரிக்க அப்பீல் கோர்ட் வரைக்கும் போச்சு, ஹார்பர் டவுன்ங்கிற அமெரிக்க கோர்ஸோட ஹோல்ல இருந்த கலங்கரை விளக்கத்தை நகல் எடுத்தது தப்புன்னு ஆச்சு. உங்க கோர்ஸை நடத்துறவங்ககிட்ட எழுத்துல ஒரு அனுமதி வாங்கிடுங்க, பெரும்பாலும் சந்தோஷமா தருவாங்க.

பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி அங்க ரொம்ப நாளா ஆடுற ஒருத்தரை உக்கார வைங்க, எதுவும் சொல்லாதீங்க, பட் போட விட்டு அவர் எங்க குறி வைக்கிறாருன்னு மட்டும் பாருங்க. எனக்கு அப்படி ஒருத்தர் ஏழாவது கிரீன்ல கப்புக்கு இடதுபக்கம் ஒரு சாண் தள்ளி குறி வெச்சாரு, பால் நேரா போயிடுச்சு. திரும்ப பலகையும் ஃபோனுமா போனேன், 0.9 டிகிரி, நான் நோட்டுல அம்பை எதிர்ப்பக்கமா போட்டிருந்தேன். திருத்தி ரெண்டாவது வெர்ஷனா ஏத்தினப்புறம் அவர் அதே பட் ஷாட்டை கப்புக்குள்ள தள்ளிட்டு ஒண்ணும் பேசாம எட்டாவது டீக்கு போயிட்டாரு.