ஸ்கேன் சுத்தம் என்கிறது, ஸ்பைவேர் போகவில்லையா? எங்கே தேடுவது?

விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டியாயிற்று. ஆபத்து எதுவும் இல்லை என்று பச்சை டிக்கும் வந்துவிட்டது. ஆனாலும் குரோமின் தேடுபக்கம் தானாக மாறுகிறது. தெரியாத ஊரிலிருந்து லாகின் ஆனதாக ஜிமெயில் எச்சரிக்கிறது. அழித்த ஃபைல், ரீஸ்டார்ட் செய்ததும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இந்தச் செய்முறை. விண்டோஸ் 11ஐ வைத்து எழுதியிருக்கிறேன். 10லும் மெனுக்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் இருக்கும். அட்மின் கணக்கில் நுழையவும் ஜிப் ஃபைலைப் பிரிக்கவும் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை, மெயில் எதுவும் வேண்டாம். பாஸ்வேர்டையும் அதில் மாற்றாதீர்கள். நீங்கள் தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் கீலாகர் ஓடிக்கொண்டிருந்தால் புது பாஸ்வேர்டும் அப்படியே கைமாறிவிடும். வைஃபையைத் துண்டித்துவிட்டு, வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இரண்டு கருவிகளை டவுன்லோட் செய்து பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்: மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் (தானாகத் தொடங்குபவற்றைக் காட்டுவது), மால்வேர்பைட்ஸ் ஸ்கேனரின் இலவசப் பதிப்பு. தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொடவே கூடாது. இந்தக் கருவிகளின் பெயரிலேயே போலி டவுன்லோட் பக்கங்கள் உண்டு. தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நேராக எடுங்கள்.

படி 1: ஸ்கேனுக்கு முன் எக்ஸ்க்ளூஷன்

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். "இந்த ஃபோல்டரைப் பார்க்காதே" என்று டிஃபெண்டரிடம் சொல்லிவைக்கும் வசதிக்குப் பெயர் எக்ஸ்க்ளூஷன். கிராக் செய்த சாஃப்ட்வேர், விண்டோஸ் ஆக்டிவேட்டர் போன்றவற்றுடன் வரும் ஸ்பைவேர், அட்மின் அனுமதி கிடைத்த உடனே விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரே ஒரு கட்டளையில் தன் ஃபோல்டரை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பின் எத்தனை தடவை ஸ்கேன் ஓட்டினாலும் டிஃபெண்டர் அந்த ஃபோல்டரைத் திரும்பிப் பார்க்காது, பச்சை டிக்தான் வரும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொட்டெக்‌ஷன் பகுதிக்குப் போங்கள். அதில் மேனேஜ் செட்டிங்ஸ் அழுத்தி, பக்கத்தின் அடிவரை இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். "ஆட் ஆர் ரிமூவ்" அழுத்தியதும் அட்மின் அனுமதி கேட்கும், கொடுங்கள். நீங்களாக எதையும் சேர்க்காத வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமோ, புரோகிராம் டேட்டா, ஆப் டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களோ, இஎக்ஸ்இ என்ற ஃபைல் வகையோ இருந்தால் விஷயம் அதுதான். முதலில் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், ஸ்பைவேர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை இந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும். பிறகு ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

சில சமயம் ரிமூவ் பட்டன் வேலை செய்யாது, "அட்மினிஸ்ட்ரேட்டரின் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று காட்டும். அலுவலக லேப்டாப் என்றால் அது இயல்பு, ஐடி ஆட்களிடம் விட்டுவிடுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் அப்படி வந்தால், எக்ஸ்க்ளூஷனை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியின் பாலிசி பகுதியில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிதாகக் கற்பவர் ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேராகக் கடைசிப் படிக்குப் போய் ரீசெட் செய்வதே நல்லது.

அதே பக்கத்தில் ரியல்டைம் புரொட்டெக்‌ஷன், டிஃபெண்டரின் அமைப்பை மற்ற புரோகிராம்கள் மாற்றாமல் தடுக்கும் டேம்பர் புரொட்டெக்‌ஷன் இரண்டும் ஆனில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: ஸ்கேன்

இப்போது நெட்டை இணைத்து, டிஃபெண்டரை அப்டேட் செய்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே ஸ்கேன் ஓடும், சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். முடிவு திரையில் நிற்காது. உள்ளே வந்தபின் புரொட்டெக்‌ஷன் ஹிஸ்டரியில் பார்க்க வேண்டும்.

அடுத்து மால்வேர்பைட்ஸ். இன்ஸ்டால் செய்ததும் 14 நாள் பிரீமியம் சோதனை தொடங்கக்கூடும், அது வேண்டாம். அது ஓடும்போது டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு ஸ்கேன் ஓட்டி, பிடித்ததைத் தனியாகப் பூட்டிவைக்கும் குவாரன்டைனில் போட்டு, வேலை முடிந்ததும் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். எப்போதும் காவலிருக்க ஒரு ஆன்டிவைரஸ் போதும், அதற்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து.

படி 3: ஆட்டோரன்ஸ்

விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் கருவி இது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியல் இதில் ஒரு சிறு பகுதியைத்தான் காட்டும். ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஃபைலைத் தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமான கோட் சிக்னேச்சரின் சரிபார்ப்பையும், பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களிடம் ஒரே நேரத்தில் கேட்கும் வைரஸ்டோட்டல் சோதனையையும் டிக் செய்யுங்கள். சிக்னேச்சர் சரிபார்ப்பு இல்லாமல் மறைப்பதை மட்டும் செய்தால் பயனில்லை. ஒரு ஃபைலின் கம்பெனி பெயரில் "மைக்ரோசாஃப்ட்" என்று யாரும் எழுதிக்கொள்ளலாம், கையொப்பத்தைப் போலி செய்வதுதான் கடினம். "தெரியாத ஃபைலை அப்லோட் செய்" என்ற பெட்டியை மட்டும் டிக் செய்யாதீர்கள். அது இல்லாதபோது ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் எண் மட்டுமே போகும்.

மஞ்சள் வரி என்றால் பதிவு இருக்கிறது, ஃபைல் இல்லை என்று பொருள். பழைய சாஃப்ட்வேரின் மிச்சமாக இருக்கலாம். இளஞ்சிவப்பு வரி என்றால் கையொப்பம் இல்லை அல்லது சரிபார்க்க முடியவில்லை. சிறிய நிறுவனங்களின் நல்ல புரோகிராம்களும் இளஞ்சிவப்பில் வரும் என்பதால் நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். வைரஸ்டோட்டல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 72 எஞ்சின்களில் 1 அல்லது 2 மட்டும் கத்தினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். 40 கத்தினால் சந்தேகமே இல்லை.

பதிவை டெலீட் செய்யாமல் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகிவிட்டால் திரும்ப டிக் செய்துகொள்ளலாம், டெலீட் செய்ததை மீட்பது பெரும்பாடு.

படி 4: திரும்பத் திரும்ப வருவது எப்படி?

ஃபைலை அழித்தும் மறுபடி முளைக்கிறது என்றால், அதை மறுபடி கொண்டுவந்து வைக்கும் வேலையை, குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, இடப்பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் வரும் ஒவ்வொரு வரியையும் தேர்ந்தெடுத்து, கீழே ஆக்‌ஷன்ஸ் டேபைப் பாருங்கள். பெயரைப் பார்க்கவே வேண்டாம், பெயர் எப்போதும் நல்ல பெயராகத்தான் இருக்கும்.

ஒரு உதாரணம். கூகுள் குரோமின் பழைய அப்டேட் டாஸ்க்குகள் "கூகுள் அப்டேட் டாஸ்க் மெஷின்" என்று தொடங்கி "கோர்" அல்லது "யூஏ" என்று முடியும். அதே பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் "கியூசி" என்று முடியும் ஒரு டாஸ்க், உங்கள் கம்ப்யூட்டரின் சக்தியைத் திருடி கிரிப்டோ நாணயம் எடுக்கும் கிரிப்டோ மைனர் பாதித்த பல கம்ப்யூட்டர்களில் தென்பட்டிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. ஆக்‌ஷன்ஸில் பாதை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் கூகுள் ஃபோல்டரைக் காட்டுகிறதா, வேறெங்காவது காட்டுகிறதா என்று பாருங்கள், ஆனால் இந்த மைனர் சில சமயம் அந்தக் கூகுள் ஃபோல்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் என்பதால் ஃபைலின் கையொப்பத்தையும் சரிபாருங்கள். ஆப் டேட்டா, டெம்ப், யூசர்ஸ் பப்ளிக் போன்ற இடங்களிலிருந்து ஓடும் இஎக்ஸ்இ, மறைவாக ஓடச் சொல்லி நீளமான புரியாத எழுத்துக் குவியலோடு வரும் பவர்ஷெல், இணைய முகவரியைத் திறக்கும் எம்எஸ்ஹெச்டிஏ, விபிஎஸ் ஸ்கிரிப்ட் ஃபைலை ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட் (இரண்டும் விண்டோஸின் சொந்தக் கருவிகள்தான்) ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதலில் டாஸ்க்கை டிஸேபிள் செய்யுங்கள், அடுத்து ஓடும் புரோகிராமை நிறுத்துங்கள், கடைசியாக ஃபைலை அழியுங்கள். தலைகீழாகச் செய்தால் அடுத்த முறை டாஸ்க் ஓடும்போது எல்லாம் திரும்பி வரும்.

ஒன்றை நிறுத்தியதும் இன்னொன்று அதைக் கிளப்பிவிடுகிறதா? இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் மைக்ரோசாஃப்டின் புராசஸ் எக்ஸ்புளோரரில் இரண்டையும் முதலில் சஸ்பென்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள். சஸ்பென்ட் ஆனது இன்னும் உயிரோடு இருப்பதாகவே மற்றதற்குத் தெரியும். இரண்டும் உறைந்தபின் ஒவ்வொன்றாகக் கில் செய்யலாம்.

படி 5: பிரவுசரும் ரிமோட் சாஃப்ட்வேரும்

நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். நீக்கியது திரும்பி வந்தால், ஒரே கணக்கில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் எக்ஸ்டென்ஷன்களை ஒன்றாக்கும் சிங்க் காரணமாக இருக்கலாம். அதே கணக்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலும் நீக்க வேண்டும். குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வந்தால் முகவரிப் பட்டையில் chrome://policy என்று தட்டி குரோம் பாலிசி பக்கத்தைத் திறந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக இன்ஸ்டால் செய்யும் பாலிசி சொந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூலையில் வரும் "வைரஸ் பிடித்துவிட்டது" அறிவிப்புகள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுமதி கொடுத்ததால் வருபவை. அனுமதியை எடுத்தால் நின்றுவிடும்.

இன்ஸ்டால் செய்த ஆப்கள் பட்டியலில், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை நல்ல சாஃப்ட்வேர்கள் என்பதால் ஆன்டிவைரஸ் பொதுவாகக் குறை சொல்லாது. ஆனால் கஸ்டமர் கேர் என்று போனில் பேசி ஏமாற்றுகிறவர்கள் இவற்றைத்தான் போடச் சொல்கிறார்கள். தேவையில்லையென்றால் நீக்குங்கள்.

படி 6: பாஸ்வேர்டு மட்டும் மாற்றினால் போதாது

இப்போது பரவலாக வருபவை ஸ்டீலர் வகை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு நீங்கள் லாகின் ஆனதை பிரவுசர் நினைவில் வைக்கும் லாகின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழையலாம். எனவே வேறொரு சாதனத்திலிருந்து, முதலில் மெயிலுக்கு, பிறகு வங்கிக்குப் பாஸ்வேர்டு மாற்றுங்கள். கையோடு எல்லா சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். ஜிமெயிலில் ரெக்கவரி எண், ஃபார்வர்டிங், ஃபில்டர் மூன்றையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலையும் பாருங்கள். இந்தியாவில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

படி 7: எப்போது ரீசெட்?

ஸ்டீலர் அல்லது ரிமோட் ட்ரோஜன் (தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைக் கட்டுப்படுத்துவது) என்று ஸ்கேனில் பெயர் வந்தாலோ, நீக்கிய எக்ஸ்க்ளூஷன் இரண்டு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்ப வந்தாலோ சுத்தம் செய்துகொண்டிருக்காதீர்கள். படங்களையும் டாக்குமென்ட்களையும் மட்டும் காப்பி எடுங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, ஷார்ட்கட், கிராக் இருந்த ஜிப் எதுவும் வேண்டாம். எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிவிட்டு எடுங்கள், பிடிஎஃப் போலத் தெரிவதன் உண்மையான வால் அப்போதுதான் தெரியும். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் போய், "எல்லாவற்றையும் நீக்கு", "கிளவுட் டவுன்லோட்" இரண்டையும் தேர்ந்தெடுங்கள். 4 ஜிபிக்கு மேல் இறங்கும். நெட் மெதுவென்றால், நல்ல கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ரீசெட் வரை வந்துவிட்டால், ஹார்ட்வேர் இடம்கொடுத்தால் 11ஐயே போடுங்கள்.

பின்சேர்ப்பு: ரெக்கவரி மெனு வழியாகப் போகும்போது நீலத்திரையில், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி கேட்டுச் சிலர் நின்றுவிடுகிறார்கள். பல புது லேப்டாப்களில் டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாக ஆனாகியிருக்கும், சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். படி 2ஐத் தொடங்கும் முன்பே போனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து சாவியைப் பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள்.