ஸ்க்ரோல் பண்ணினா நழுவுற கட்டம், நான் சரி பண்ணின விதம்

இலங்கையில ஹட்டன்ல ஓஎல் பரீட்சை எழுதுற பிள்ளைகள் தமிழ் பாடம் வாசிக்க ஒரு வெப் பேஜ் செஞ்சுட்டு இருந்தேன், வரிய செலக்ட் பண்ணினா அதைச் சுத்தி சிவப்புக் கட்டம் வரணும், அவ்வளவுதான் வேலை. மேல இருக்கிறப்ப சரியா வருது, கீழ ஸ்க்ரோல் பண்ணினதும் எழுத்து ஒரு பக்கம் கட்டம் ஒரு பக்கம்.

விஷயம் என்னன்னா, செலக்ட் பண்ணின எழுத்தக் குறிக்கிற ரேஞ்ச்கிட்ட, இடத்தையும் அளவையும் சொல்ற கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் கேட்டா அது பிரவுசர் ஜன்னலோட மூலையில இருந்துதான் அளந்து சொல்லும், நம்ம கட்டமோ ஸ்க்ரோல் ஆகுற டிவ்வுக்குள்ள (பேஜ்ல ஒரு பகுதி) பொசிஷன் அப்சலூட்டா, அதாவது அந்த டிவ்வோட மூலையில இருந்து அளந்து நிக்குது. அதனால எழுத்தோட டாப்ல இருந்து டிவ்வோட டாப்ப கழிச்சு ஸ்க்ரோல்டாப்ப (எவ்வளவு தூரம் கீழ ஸ்க்ரோல் ஆகியிருக்குங்கிறத) கூட்டணும், பார்டர் இருந்தா கிளையன்ட்டாப்பயும் (மேல் பார்டரோட தடிப்ப) கழிக்கணும், கட்டம் அந்த டிவ்வ வச்சே நிக்க டிவ்வுக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கட்டாயம். லெஃப்டுக்கும் இதே கதைதான்.

செலக்‌ஷன் ரெண்டு மூணு வரிக்கு ஓடினா ஒரே பெரிய பெட்டியா வரும், பாக்கவே அசிங்கம். கெட்கிளையன்ட்ரெக்ட்ஸ் எடுத்தா வரிக்கு வரி தனிக்கட்டம் போடலாம்.

இங்க மழை வந்தா சிக்னல் படுத்துரும், தமிழ் ஃபாண்ட் லேட்டா வந்து வரியெல்லாம் தள்ளிப்போயிரும், அதனால ஃபாண்ட் வந்து சேர்ந்ததச் சொல்ற டாக்குமென்ட்.ஃபாண்ட்ஸ்.ரெடி முடிஞ்ச பிறகு அளங்க. டைப் பண்ற பெட்டியான டெக்ஸ்ட்ஏரியாவுல மட்டும் இந்த வித்தை பலிக்காது, உள்ள இருக்கிற எழுத்துக்கு ரேஞ்ச் கிடைக்காது, நான் அத தூக்கிட்டு உள்ளேயே டைப் பண்ணக்கூடிய கன்டென்ட்எடிட்டபிள் டிவ் போட்டுட்டேன்.