கடைசல் எந்திரத்தில் சிறு மர எண்ணெய் விளக்கு செய்யும் முறை

மரத்தில் எண்ணெய் விளக்கு கடைய முற்படுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது விளக்கின் வடிவத்தை அன்று, எண்ணெய் எதில் நிற்கும், சுடர் எந்த உயரத்தில் எரியும் என்பதையே. மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தொடர்ந்து வெப்பம் பட்டால், தீப்பிடிக்கும் முன்பே கருகத் தொடங்கும். ஆகவே எண்ணெயைத் தாங்கும் வேலையைக் கண்ணாடிக் குப்பியிடமும் திரியைப் பிடிக்கும் வேலையைக் கண்ணாடித் திரிக்குழலிடமும் விட்டுவிட்டு, மரத்தை அவற்றுக்கான இருப்பிடமாக மட்டுமே கருத வேண்டும். குப்பியைக் கையில் வாங்கி அளந்த பிறகே மரத்தைத் தேடுவது நல்லது. முதலில் அழகாகக் கடைந்துவிட்டுப் பிறகு அதற்குப் பொருந்தும் குப்பியைத் தேடுவது வீண் அலைச்சல்.

விளக்கத்துக்காக, உடல் விட்டம் 38 மி.மீ., மேல் விளிம்பின் விட்டம் 48 மி.மீ., ஆழம் 40 மி.மீ. கொண்ட ஒரு குப்பியை எடுத்துக்கொள்வோம். அதற்கு 40 மி.மீ. விட்டமுள்ள துளை வேண்டும். சுற்றிலும் கிடைக்கும் 1 மி.மீ. இடைவெளியை அலட்சியமாகக் கருதக் கூடாது. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் நாரோட்டத்துக்குக் குறுக்கே சுருங்கும், விரியும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இராது என்பதால் வட்டமான துளை நாளடைவில் சற்றே நீள்வட்டமாகும். இறுக்கமாகப் பொருத்திய குப்பி அப்போது சிக்கிக்கொள்ளும் அல்லது உடையும். குப்பியைப் பசையிட்டு ஒட்டவும் கூடாது. எண்ணெய் நிரப்ப அதை வெளியே எடுத்தாக வேண்டும்.

நன்றாகக் காய்ந்த, வெடிப்பும் முடிச்சும் இல்லாத, நெருக்கமான நார் கொண்ட மரமே இதற்கு ஏற்றது. அடிமரத்தின் நடுமையம் கட்டைக்குள் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்பும். 80 மி.மீ. சதுரமும் 90 மி.மீ. நீளமும் உள்ள கட்டை போதும். நாரோட்டம் எந்திரத்தின் அச்சோடு இணையாக அமையும்படி கட்டையை எந்திரத்தின் இரு மையங்களுக்கிடையே (கட்டையின் இரு முனைகளையும் தாங்கும் கூர்முனைகள்) பொருத்தி, நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று வேகத்தில் பெரிய குழியுளியால் மூலைகளைக் கழித்து உருளையாக்க வேண்டும். உருண்டையான பிறகு வேகத்தை 1,500 வரை உயர்த்தலாம். உளித்தாங்கி மரத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அதை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எந்திரம் நின்றிருக்க வேண்டும். முகக் கவசம் கட்டாயம் வேண்டும். கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துத் துண்டு ஆகியவை எந்திரத்தின் அருகில் வரவே கூடாது.

உருளையின் ஒரு முனையில், சக்கின் (கட்டையை ஒரு முனையில் பற்றிச் சுழற்றும் பிடிப்பான்) தாடைகள் பற்றுவதற்காக 50 மி.மீ. விட்டத்தில் 7 மி.மீ. நீளமுள்ள குமிழ் ஒன்றைப் பிரிப்புளி எனும் குறுகிய உளியால் வெட்டிக்கொள்ள வேண்டும். குமிழின் முனை சக்கின் அடியைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள தோள்பகுதி தாடைகளின் மேல் தட்டையாக அமர்ந்தால்தான் பிடி உறுதியாக இருக்கும்.

அடுத்தது துளை. வெளி உருவத்தைச் செதுக்கும் முன்பே துளையிட்டுவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கனமான சுவர் சுற்றிலும் இருக்கும்போது கட்டை அதிராது. துளை மையம் விலகினாலும் வெளிப்புறத்தை அதற்கேற்பக் கடைந்துகொள்ளலாம். குமிழைச் சக்கில் பிடித்து, எதிர்முனையின் முகப்பைச் சமதளமாக்கி, நடுவில் சிறு குழி இட்டு, பின்தலையில் (சக்குக்கு எதிரே உள்ள நகரும் தாங்கி) பொருத்திய 40 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டை (தட்டையான அடியுள்ள துளையிடும் கருவி) நிமிடத்துக்கு 400 சுற்று அளவிலேயே மெல்ல உள்ளே செலுத்த வேண்டும். நார்களின் வெட்டுமுகத்தில் இறங்கும் பிட் விரைவாகச் சூடேறும் என்பதால், சில மி.மீ. இறங்கியதும் வெளியே இழுத்துத் தூளை அகற்றுவது அவசியம். புகை தெரிந்தால் வேகம் கூடிவிட்டது அல்லது பிட் மழுங்கிவிட்டது என்று பொருள். ஆழம் குப்பியைவிட 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், குப்பி அடியில் முட்டாமல், விளிம்பில் தொங்கி நிற்க வேண்டும்.

வெளி உருவத்தில் அவரவர் விருப்பம் செல்லுபடியாகும். ஆயினும் இரண்டு வரம்புகள் உண்டு. துளையைச் சுற்றி எங்கும் 10 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் மரம் நிற்க வேண்டும். அடிப்பகுதி அகன்றிருக்க வேண்டும். மெல்லிய இடுப்பும் உயர்ந்த கழுத்தும் படத்தில் அழகாகத் தோன்றும். கை பட்டால் சாயக்கூடிய விளக்கு மேசைக்கு உதவாது. நாரோட்டம் அச்சோடு இணையாக இருப்பதால் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தை நோக்கியே வெட்ட வேண்டும். உளியின் சாய்முகத்தை (கூர்முனைக்குப் பின்னுள்ள சாய்ந்த பரப்பு) முதலில் மரத்தின் மீது உரசவிட்டு, பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர்முனை தானாக மரத்தைப் பற்றும். சீவல்கள் சுருளாக விழும். எதிர்த்திசையில் வெட்டினால் நார் பிய்ந்து எழும்பும். அதை உப்புத்தாளால் சரிசெய்ய முயல்வது நேரத்தை வீணாக்குவதாகும்.

உளித்தாங்கியை அகற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து, 120, 180, 240, 320 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்) உப்புத்தாள் தேய்க்க வேண்டும். நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தூசி முகமூடி தேவை. அடியை முடிக்க, ஒரு கழிவுக் கட்டையில் துளைக்குள் இறுக்கமாக நுழையும் குமிழைக் கடைந்து, விளக்கைத் தலைகீழாக அதில் செருகி, பின்தலையால் தாங்கியபடி பிடிகுமிழை நீக்கலாம். அடியின் நடுவைச் சற்றே உட்குழிவாக்கினால் விளக்கு ஆடாமல் நிற்கும்.

பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் நன்றாக உகந்தது. துளையின் உட்புறத்துக்கும் பூசினால் சிந்தும் எண்ணெய் கறையாகாது. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் மேற்பகுதியில் அதைத் தவிர்க்கலாம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

எரிபொருளாக விளக்குக்கென விற்கப்படும் திரவப் பாரஃபினையே பயன்படுத்த வேண்டும். சமையல் எண்ணெய் கெட்டியானது. மெல்லிய திரியில் அவ்வளவு உயரம் ஏறாது. பெட்ரோலும் ஸ்பிரிட்டும் பேராபத்து. பாரஃபினைக் குழந்தை விழுங்கினால் அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஐரோப்பாவில் அலங்கார எண்ணெய் விளக்குகளுக்கென ஈஎன் 14059 என்ற பாதுகாப்புத் தரநிலை இருப்பதற்கு இத்தகைய விபத்துகளே காரணம். சிறுவர் உள்ள வீட்டில் எரிபொருளும் விளக்கும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

கண்ணாடியிழைத் திரி குழலுக்கு மேல் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அதற்கு மேல் நீண்டால் கரி படியும். குழலைக் குப்பியின் வாயில் காற்றுப் புகாதபடி அடைத்துவிடக் கூடாது. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகாவிட்டால் சுடர் மங்கிவிடும். முதல்முறை ஏற்றும்போது ஒரு மணி நேரம் அருகிலேயே இருந்து, மரத்தின் மேல்விளிம்பை அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே அணைத்துவிட்டு, திரியைத் தாழ்த்த வேண்டும் அல்லது உயரமான குழலைப் பொருத்த வேண்டும். மறுபடி எண்ணெய் நிரப்புவதானால், விளக்கு முழுவதும் ஆறிய பின் குப்பியை வெளியே எடுத்து, முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மரத்துக்குள் இறக்க வேண்டும்.